ஈரம் காயும் முன்

கார்த்திகை மழை விட்ட மறுநாள் காலை எங்கள் கண்மாயின் மேல விளிம்பில் இறங்கினால், கரிசல் மண் டயர் செருப்பைப் பிடித்து இழுக்கும். செருப்பைக் கழற்றவும் முடியாது. பழைய கருவமுள் சேற்றுக்குள் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மதினி எனக்கு முன்னால் குனிந்தபடி போவார். மடியில் சாக்குத்துண்டு. இரண்டு விரலால் செடியின் அடியைப் பிடித்து, கொஞ்சம் அசைத்து, ஒரே இழுப்பு. செடி விரல் உயரம்தான் இருக்கும். தடித்த இரண்டு வித்திலைகள், நடுவில் அப்போதுதான் விரியும் சிறகு போன்ற ஓர் இலை. அதன் வேரோ ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும்.

"இன்னைக்கு வந்தா முழுசா வரும். பத்து நாள் கழிச்சு வந்தா அத்துக்கிட்டுத்தான் வரும். வேரு உள்ளயே நின்னுரும்" என்பார் மதினி.

நாங்கள் பிடுங்குவது சீமைக்கருவேலம், எங்கள் வாயில் கருவை. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் பிறந்த யாருக்கும் இந்த மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பேருந்து ஜன்னலில் கை வைத்தால் கீறும், சைக்கிள் டயரில் ஏறும், காலில் ஏறினால் நாலு நாள் வீங்கும். வீட்டு அடுப்பில் எரிந்ததும் அதுதான். என் பள்ளிக்கூடச் செலவில் ஒரு பங்கு அந்த விறகு விற்ற காசு. அதனால் இந்த மரத்தைப் பற்றி எழுதும்போது வெறும் வெறுப்பாக எழுத எனக்கு வரவில்லை. ஆனால் எங்கள் கண்மாயை அது மூடியதைப் பார்த்தவன் நான். அதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதில் சில வருஷம் தவறான வழியிலும் போயிருக்கிறோம். அந்தத் தவறைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2017 நினைவிருக்கும். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட, தென்மாவட்டம் முழுக்க ஜேசிபி இறங்கிய வருஷம். கல்லூரிப் பிள்ளைகள் அரிவாளோடு வந்தார்கள். அரியலூரில் ஜாமீனுக்கு நிபந்தனையாகவே மரம் வெட்டச் சொன்னார்கள். சில மாதத்தில் நீதிமன்றமே இடைக்காலத் தடையும் விதித்தது. தடை வருவதற்குள் எங்கள் கண்மாயில் வேலை முடிந்திருந்தது. இரண்டு எந்திரம், பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில் கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரிந்தது. எங்கள் அப்பத்தா கரையில் உட்கார்ந்து அழுதார். முப்பது வருஷமாக அவர் அந்தப் பக்கத்துக் கலுங்கை, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் அந்த வாசலை, பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழை பெய்ததும் மரம் வெட்டிய இடமெல்லாம் பச்சை. புல் என்றுதான் முதலில் நினைத்தோம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் நாற்றங்கால் மாதிரி கருவை முளைத்து நின்றது. மரங்களை ஏலம் எடுத்தவருக்குத் தேவை விறகு. பருத்த மரங்களைத் தரையோடு அறுத்துக்கொண்டு தூரை அப்படியே விட்டுவிட்டார். அறுத்த ஒவ்வொரு தூரிலும் எட்டு, பத்துக் கிளைகள் கிளம்பின. ஒற்றை மரம் நின்ற இடத்தில் புதர் நின்றது. தூரோடு பெயர்த்த இடத்திலோ மண் கிளறப்பட்டு, வெயில் விழுந்து, உள்ளே தூங்கிக் கிடந்த விதையெல்லாம் விழித்துக்கொண்டது. வெட்டிய கிளைகளைக் காயோடு குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆடு அந்தக் குவியலைத் தேடிப் போய் மேய்ந்தது. 2019-ல் கண்மாய்க்குள் முன்பு போன பாதையிலும் போக முடியவில்லை.

இந்த மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதன்மேல் கை வைத்ததுதான் பிழை. தண்டுக்கும் வேருக்கும் நடுவில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதியில் துளிர்மொட்டுகள் உறங்குகின்றன. அதற்கு மேலே எங்கே வெட்டினாலும் அது கவாத்து செய்வதுதான். கழுத்துக்குக் கீழே வெட்டினால் பக்கவேர் துளிர்த்து வருவது அபூர்வம். விதை இன்னொரு கதை. காயின் சதை இனிப்பு. அதற்குள் விதையைச் சுற்றிக் கெட்டியான ஓடு. ஆடோ மாடோ தின்றால் சதை செரிக்கும், விதை புழுக்கையோடும் சாணியோடும் முளைக்கத் தயாராக வெளியே வந்துவிழும், எருவையும் துணைக்கு வைத்துக்கொண்டு. மண்ணில் விழுந்த விதை பல வருஷம் காத்திருக்கும். அப்படியென்றால் பதினோரு நாள் வேலையால் எதை முடிக்க முடியும்?

இது எப்படி வந்தது என்பதில் ஊருக்கு ஊர் ஒரு கதை. எங்கள் ஊரில் காமராஜர் காலத்தில் விமானத்திலிருந்து விதை தூவினார்கள் என்பார்கள். அதற்கு எவ்வளவோ முன்பே, 1877-ல், ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைத்திருக்கிறார்கள். வறண்ட பூமிக்கு விறகு வேண்டும் என்பதுதான் அன்றைக்குக் காரணம். விறகு கிடைக்கவும் செய்தது. மெக்சிகோவும் தென்னமெரிக்காவின் வடபகுதியும் இதன் பூர்வீகம். அதே அமெரிக்கக் கண்டங்களிலிருந்துதான் மிளகாய் வந்தது. எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய் இன்றைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பிள்ளைகள் கல்லெறிந்து பறிக்கும் கொடுக்காப்புளியும் அங்கிருந்து வந்ததே. வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு செடியைக் குற்றவாளியாக்கினால் நம் சமையலறையில் பாதி காலியாகிவிடும். வந்த இடத்தில் மற்றதை வாழ விடுகிறதா என்பதுதான் கேள்வி. மிளகாய் நாம் விதைக்கும் இடத்தில் நிற்கிறது. கருவை நம்மைக் கேட்பதில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, ஆக்சிஜனே விடுவதில்லை, நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது... இவை எதுவும் உண்மையில்லை. பச்சை இலை உள்ள எந்த மரத்தையும் போலத்தான் இதுவும் மூச்சு விடுகிறது. இதைச் சொன்னால் மரத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பொய்கள்மேல் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. பேய் என்று நினைத்து அடிக்கிறவன், விழுந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவான். இது பேய் இல்லை, செடி. அடுத்த மழைக்கு வரும், அதற்கடுத்த மழைக்கும் வரும், நாமும் வர வேண்டும். அதன் உண்மையான தீங்கு போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. வரத்துக்கால்வாயை அடைக்கிறது. அடியில் அருகம்புல் முளைக்க விடுவதில்லை. கண்மாயின் உள்வாயை, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை, முள்ளால் பூட்டிவிடுகிறது. பூட்டிய இடத்துக்கு யாரும் போவதில்லை. யாரும் போகாத கண்மாயை நாளைக்கு யார் தூர்வாரச் சொல்லிக் கேட்பார்?

எங்கள் சித்தப்பா ஒருவர் நாற்பது வருஷம் கரிமூட்டம் போட்டவர். விறகை அளவாக வெட்டி, கூம்பாக அடுக்கி, சருகும் வைக்கோலும் மூடி, மேலே ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்துவிட்டு ராத்திரி பகலாகக் காவல் இருப்பார். வெள்ளைப் புகை கனமாக வந்தால் விறகில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. புகை மெலிந்து நீலமாகத் திரும்பினால் கரி விளைந்துவிட்டது, துவாரத்தை அடைக்கலாம். ஒரு இடத்தில் மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் அவ்வளவும் சாம்பல். அந்தக் காவலில் அவருடைய கண் கெட்டது. ஆனால் பெண்பிள்ளைகள் இரண்டு பேரைக் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கரிதான். 2017-ல் எந்திரம் இறங்கியபோது எல்லோரும் கைதட்ட, அவர் மட்டும் ஒதுங்கி நின்றார். "வெட்டுங்கப்பா, வேணாங்கல. நாளைக்கு நான் எதை வச்சுக் கஞ்சி குடிக்கிறதுன்னும் சொல்லிட்டு வெட்டுங்க" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் இல்லாமல் ஒரு செடியை அகற்ற முடியாது என்பதை நான் உணர அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. மழை பொய்த்த வருஷங்களில் இந்த மாவட்டத்தில் விவசாயக் குடும்பங்கள் பட்டினியில்லாமல் தப்பியது கருவை விறகாலும் கரியாலும். மரம் பரவப் பரவ அதை நம்பிய வயிறுகளும் பெருகின.

கென்யாவில் இதே மரத்தோடு ஒரு வழக்கு நடந்தது. பாரிங்கோ ஏரிப் பக்கத்தில் எண்பதுகளில் பாலைவனமாவதைத் தடுக்கவென்று சர்வதேச உதவித் திட்டத்தில் இதை நட்டார்கள். அது பரவி இல்சாமுஸ் மக்களின் மேய்ச்சல் நிலத்தை மூடிவிட்டது. 2006-ல் அவர்கள் அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். நைரோபி நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்டைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இனிப்புக் காயைத் தின்று தின்று பல் விழுந்துபோன ஆடு. அதுதான் அவர்கள் காட்டிய சாட்சி. பிறகு அதே கென்யாவில் காயைப் பொறுக்கி, இயந்திரத்தில் விதையோடு சேர்த்து அரைத்து, மாட்டுத்தீவனமாக்கப் பழக்கினார்கள். நான் இதில் பிடித்துக்கொண்டது அந்த அரைப்பதைத்தான். முழுக் காயாகப் போட்டால் ஆடு விதைக்கிறது. அரைத்துப் போட்டால் விதை அங்கேயே சாகிறது, ஆட்டுக்கும் தீனி ஆகிறது.

பயன்படுத்தியே ஒழித்துவிடலாம் என்ற பேச்சில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. எதில் காசு வருகிறதோ அதை யாரும் முழுதாக அழிக்க மாட்டார்கள். விறகு வெட்டுகிறவர் தூரை விட்டுவைப்பது சோம்பலால் மட்டுமல்ல, மூன்று வருஷத்தில் மறுபடி வெட்டலாம் என்பதாலும்தான். ஆகவே விற்கிற வேலைக்கு ஓர் எல்லை போட வேண்டும்: இந்த இடத்தில் தூர் வெளியே வந்தால்தான் கூலி, மரத்தின் விலை தனி. எங்கள் ஊரில் இரண்டாம் முறை இறங்கியபோது இப்படித்தான் பேசி முடித்தோம். தூர்க்கட்டையும் நல்ல கரி ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் சித்தப்பாதான்.

நீலகிரிப் பக்கம் காட்டை அடைக்கும் உண்ணிச்செடிக்கும் (லண்டானா) இப்படியொரு வழி தேடியிருக்கிறார்கள். கூடலூரில் பெட்டக்குறும்பர், பணியர் போன்ற பழங்குடி மக்கள் உண்ணிக் குச்சியை வளைத்து நிஜ அளவில் யானைகள் செய்கிறார்கள். 2024-ல் அந்த யானைகள் அமெரிக்காவில் ஊர் ஊராக நின்றன. முதுமலையில் மஞ்சள் பூத்துக் காட்டை மூடும் சென்னா மரத்தை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். உண்ணியைப் பிடுங்குவதில் பேராசிரியர் சி.ஆர். பாபு காட்டிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. கிளையை வெட்டிக்கொண்டிருக்காமல், தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே முக்கிய வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவது. வேர் வானத்தைப் பார்க்கக் காய்ந்துபோகும், மண்ணும் அதிகம் கிளறப்படுவதில்லை. 2022-ல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. அகற்றுவதோடு அந்த இடத்தில் பழைய காட்டை மீட்பதையும் அது சேர்த்தே பேசுகிறது. அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

"பூச்சி விட்டா தின்னுப்புடாதா?" என்று ஊரில் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் நம் பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒருவகை மாவுப்பூச்சி அதை உறிஞ்சி உறிஞ்சிச் சில வருஷத்தில் வற்ற வைத்தது. இன்று வேலியோரம் நிற்கும் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் இருப்பதை நசுக்கினால் விரல் சிவக்கும். அந்தப் பூச்சிதான். கருவைக்கு அப்படி அமையவில்லை. தென்னாப்பிரிக்காவில் இந்த இனத்தின் விதையைத் துளைக்கும் வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். மரமும் வேண்டும், பரவவும் கூடாது என்பது அவர்கள் எண்ணம். காய் விழுந்ததும் ஆடுமாடு முந்திக்கொண்டது. வண்டுக்கு மிஞ்சியது கொஞ்சம். நாம் ஆடு வளர்க்கிற ஊர்க்காரர்கள். நமக்கும் அதுதான் நடக்கும்.

எங்களுக்கு வழி காட்டியது ஆஸ்திரேலியாவில் சிட்னியில் வாழ்ந்த அக்கா தங்கை இருவர். ஐலீன் பிராட்லி, ஜோன் பிராட்லி. வீட்டுக்குப் பக்கத்துக் காட்டுத்துண்டுகளில் நடக்கப் போகும்போதெல்லாம் களை பிடுங்கியவர்கள். அவர்கள் வகுத்த ஒழுங்கு மூன்றே சொல்லில் அடங்கும். நல்ல இடத்திலிருந்து தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிப் போ. மண்ணைக் கிளறாதே. அந்த மண்ணுக்குரிய செடிகள் திரும்பி வருகிற வேகத்துக்கு மேல் நீ வேகம் காட்டாதே. இதைப் படித்தபோது 2017-ன் பதினோரு நாளும் கண் முன்னால் ஓடின. நாங்கள் அடர்ந்த நடுவில் இறங்கினோம், மண்ணைப் புரட்டினோம், அவ்வளவு பெரிய வெற்று நிலத்தைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

இப்போது தலைகீழாகச் செய்கிறோம். மேல விளிம்பில் கருவை அரிதாக நிற்கும் இடம் ஒன்று இருந்தது. அருகும் கோரையும் இன்னும் உயிரோடு இருந்த இடம். அங்கே தொடங்கினோம். மாசி, பங்குனியில் காய் முதிர்வதற்கு முன்னால் மரம் வெட்டு. தூரைச் சுற்றி முழங்கை ஆழம் தோண்டிக் கழுத்துக்குக் கீழே கோடாலி. குழியை அன்றைக்கே மூடிவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் முளை பிடுங்கல். ஒரு வருஷத்தில் ஒன்றரை ஏக்கருக்கு மேல் போவதில்லை. பிடுங்கிய இடத்தை இரண்டாம் மழைக்கும் மூன்றாம் மழைக்கும் திரும்பப் பார்த்தால்தான் அடுத்த துண்டுக்குள் கால் வைப்போம். கரையில் பனங்கொட்டை ஊன்றினோம். உள்வாயில் நாங்கள் எதையும் நடவில்லை, அருகு தானாக ஓடி மூடியது. மூடிய இடத்தில் கருவை முளைப்பது பாதிக்கும் கீழே குறைந்ததை என் கண்ணால் எண்ணிப் பார்த்தேன்.

கஷ்டமானது ஆடு. காய்க்காட்டில் மேய்ந்த ஆடு அன்றைக்கே துப்புரவான பக்கம் வந்தால் எல்லா வேலையும் வீண். ஆடு வைத்திருக்கும் பதினேழு வீட்டாரோடு பேசி, சித்திரை, வைகாசியில் மேல விளிம்புக்கு மந்தை வராமல் ஒரு ஏற்பாடு. அதற்கு ஈடாகப் பொறுக்கிய காயை மாவு மில்லில் குருணையாக அரைத்துக் கொடுக்கிறோம். முதல் வருஷம் நாலு வீடு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அக்கா முகத்துக்கு நேராகவே சொன்னார்: "ஒனக்கென்ன, சம்பளக்காரன். எனக்கு ஆடுதான் சம்பளம்." அவர் சொன்னது சரி. அவருடைய பட்டிக்கு முதலில் அரைத்த தீனியைக் கொண்டுபோய்ப் போட்டோம். மறுவருஷம் அவரே காய் பொறுக்க வந்தார்.

நடுக்கண்மாயில் ஒரு அடர்ந்த திட்டை நாங்கள் இன்னும் தொடவில்லை. தொடுவதாகவும் இல்லை, இப்போதைக்கு. மழை நன்றாக இருந்தால் கொக்கும் நாரையும் அங்கே கூடு கட்டுகின்றன. பக்கத்திலுள்ள காஞ்சிரங்குளம், சித்திரங்குடிச் சரணாலயங்களுக்கு வரும் பறவைகளுக்கும் கருவமரம் கிளை கொடுப்பதுண்டு. அவற்றுக்கு மரத்தின் பூர்வீகம் தெரியாது. நாட்டுக்கருவேல் அந்த உயரத்துக்கு வளரும்வரை இந்தத் திட்டு இருக்கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறோம். சிலருக்கு இதில் வருத்தம். எனக்கும் அந்தத் திட்டிலிருந்து விதை வருகிறது என்ற கவலை இருக்கிறது. ஆனால் கூட்டைப் பார்த்தபின் கோடாலி தூக்க மனசு வரவில்லை.

இந்த வருஷம் மதினியின் பேத்தியும் பிடுங்க வந்தாள், ஆறு வயது. வெகு வேகம். அரை மணி நேரத்தில் சாக்கில் கால்பங்கு. மதினி சாக்கைக் கொட்டிக் கிளறிப் பார்த்தவர், ஒரு செடியைத் தனியே எடுத்தார். இலைகள் இன்னும் பொடிசாக, மயில்பீலியின் ஓரம் போல நெருக்கமாக இருந்தன.

"இது நம்ம நாட்டுக்கருவேல்டி. பூத்தா மஞ்ச உருண்டையா பூக்கும். அது கம்பங்கதிர் மாதிரி நீளமா தொங்கும். எலையைப் பாரு, அது பெருசு, இது பொடிசு."

பிள்ளை இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். மதினி விரலால் சேற்றில் குழி பறித்து, அந்தச் செடியை வேர் மடங்காமல் இறக்கி, சுற்றிலும் மண்ணை அமுக்கினார். அடையாளத்துக்கு ஒரு காய்ந்த கோரைத் தண்டை ஒடித்துப் பக்கத்தில் குத்தி வைத்தாள் பிள்ளை. பிறகு குனிந்து, இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கத் தொடங்கினாள்.